நீதவான் இழந்த காணி

அமெரிக்க எல்லைப்புறத்தில் முதன்முதற் குடியேறிய குடும்பங்களுள் பூன் குடும்பம் பெயர் பெற்றது. 1717ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து ஜோர்ஜ் பூன் என்பவர் பென்சில்வேனியாவை அடைந்தார். அவர் மைந்தர் ஸ்குவயர், நெசவும் கொல்லுவேலையும் அறிந்தவர். 1750ஆம் ஆண்டளவிற் குடும்பத்துடன் தெற்கே சென்று, வட கரோலினாவில் யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்கை உறைவிடமாகக் கொண்டார். 1753இல் ரோவன் மாவட்டம் அமைந்தபோது அதன் சமாதான நீதவான்களுள் ஒருவரானார்.

எல்லைப்புறத்திலே சட்டம் பயின்றோர் மிகச் சிலர். ஆதலால், அயலவரின் மதிப்பைப் பெற்ற குடியானவரே நீதவானாகவும் ஷெரீப்பாகவும் நில அளவையாளராகவும் கடமையாற்ற நேர்ந்தது. ஸ்குவயரின் மகன் டானியலும் இவ்வாறே பதவிகள் பெற்றார். 1775இல் கென்ரக்கிக்கு வழி வெட்டிய அவர், 1781இல் வேர்ஜீனியாச் சட்டசபை உறுப்பினரானார். பின்னர் ஃபேயற் மாவட்டத்தின் ஷெரீப்புமானார்.

ஆனால், அக்காடுகள் ஆளற்றவையல்ல. ஷோனி, செரோக்கி மக்களின் வேட்டைநிலங்கள் அவை. அவற்றைக் குறித்து மூண்ட போரில் டானியல் தம் மைந்தர் இருவரை இழந்தார்: 1773இல் ஜேம்ஸ் மாண்டான்; 1782இல் இஸ்ரேல் வீழ்ந்தான்.

இத்தனை விலை கொடுத்தும் நிலம் நிலைத்ததா, நேயர்களே? 1779ஆம் ஆண்டுச் சட்டம், குடியேறியவருக்கு 400 ஏக்கர் வரை உரிமை அளித்தது. ஆயினும் சான்றிதழ் பெறுதல், அளப்பித்தல், பதிதல் ஆகிய யாவும் முறையே நிறைவேறினாலன்றி உறுதி கிட்டாது. எல்லைக்குறிகளோ மரங்களும் ஓடைகளுமே. ஒரே நிலத்தைப் பலர் அளப்பித்தனர், வழக்குகள் பெருகின. பிறர் காணியை அளந்து கொடுத்த டானியல், தம் காணிகளிற் பெரும்பாலானவற்றை இழந்தார்.

1799இல் அவர் ஸ்பானியர் ஆட்சியிலிருந்த மிசூரிக்குப் பெயர்ந்தார். மறு ஆண்டில் அவ்வரசு அவரைப் ஃபெம் ஓசேஜ் பகுதியின் நீதி அதிகாரியாக நியமித்தது. அயலவரின் பிணக்குகளை அவர் தீர்த்து வைத்தார். ஆனால், அப்பிரதேசம் 1803ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அமெரிக்காவுக்கு உரியதானபின், ஸ்பானியர் அளித்த காணிக்கும் நிறைவான பத்திரம் இல்லையென்று உரிமை மறுக்கப்பட்டது. 1814இல் காங்கிரஸ் ஏறத்தாழ 850 ஏக்கரை மீள வழங்கியது. அதையும் அவர் விற்றுப் பழைய கடன்களைத் தீர்த்தார்.

1820இல் டானியல் தம் மகன் நேதனின் இல்லத்தில் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே நேதன், மிசூரி அரசியலமைப்பை வகுத்த மன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். பதவி தலைமுறைதோறும் பூன் குடும்பத்தைத் தேடி வந்தது. காணியோ கைநழுவிச் சென்றது. ஷோனி மக்களுக்கோ, வழக்காடுவதற்கும் ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை.