சலவை இயந்திரத்துள் கிடந்த தோடு



வீட்டில் காணாமற் போகும் சிறு பொருட்கள் எங்கே போகின்றன என்பது பற்றி இன்று சிறிது பேசலாம் என எண்ணுகின்றேன். இதுவும் மார்க்க உரைக்குரிய விடயமா எனச் சிலர் கேட்கக்கூடும். கேட்டு முடித்தபின் நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எமது சின்ன மகளின் தங்கத் தோடு ஒன்று காணாமற் போனது. கால் பவுண் கூடத் தேறாத தோடு. ஆனால், என் உம்மா தம் பேத்திக்குக் காது குத்திய அன்று போட்டது. கட்டிலுக்குக் கீழும் குளியலறையிலும் வாசல் மணலிலும் தேடினோம், கிடைக்கவில்லை. அந்நாட்களில் வீட்டு வேலைக்கு ஒரு சகோதரி வந்து போவார். கணவனை இழந்தவர். "நீங்கள்தான் எடுத்தீர்கள்" என்று எவரும் அவரிடம் கூறவில்லை. ஆயினும், அலுமாரித் திறப்பு இருந்த இடம் மாறியது. அவர் அறையைக் கூட்டும்போது வீட்டார் ஒருவர் வாசலில் நிற்கலானார். அவருக்கு விளங்காமல் இருக்குமா? இரண்டு வாரத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு என்று நாமும் எமக்குள் முடிவு கட்டிவிட்டோம்.

ஐந்து மாதம் கழிந்தது. ஒருநாள் சலவை இயந்திரம் நீரை வெளியேற்றாமல் நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்த இளைஞர் மின்சாரத்தைத் துண்டித்து, முன்புறம் கீழ் மூலையிலுள்ள சிறு மூடியைத் திறந்து, வடிகட்டியைத் திருகி எடுத்தார். அதிலிருந்து நூற்பந்து, சட்டைப் பொத்தான், கொண்டை ஊசி, இரண்டு ஐந்து ரூபாய்க் குற்றிகள் எல்லாம் வந்தன. கடைசியாக அந்தத் தோடும் வந்தது.

கதவைச் சுற்றியுள்ள இறப்பர் வளையத்துக்கும் சுழலும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளியால் சிறு பொருட்கள் வெளித்தொட்டிக்குள் விழுந்துவிடும் என்றும், கழிவுநீரோடு இழுபட்டு வந்து இந்த வடிகட்டியில் தங்கும் என்றும் அவர் விளக்கினார். பிள்ளையின் தலையைத் துவட்டிய துவாயில் தோடு சிக்கியிருக்க வேண்டும். வடிகட்டியை இடையிடையே திறந்து பார்த்திருந்தால் அன்றே கிடைத்திருக்கும். குற்றிகளை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அவர் அவற்றை எண்ணி என் கையில் வைத்து, "கூலியைத் தனியாகத் தாருங்கள்" என்றார்.

நேயர்களே! ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் பதிவான ஒரு சம்பவம் உண்டு. ஓர் அரபுக் கோத்திரத்தாரிடம் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண் ஒருவர் வாழ்ந்து வந்தார். அக்கோத்திரத்துச் சிறுமியின் சிவந்த தோல் ஆபரணம் கீழே கிடந்தபோது, பருந்தொன்று அதனை இறைச்சி என எண்ணித் தூக்கிச் சென்றது. பழி அந்தப் பெண்மீது விழுந்தது. அவரது மறைவிடத்தையும் விடாது சோதனையிட்டார்கள். அவர் அவர்களோடு நின்றுகொண்டிருக்கும்போதே அப்பருந்து திரும்பி வந்து ஆபரணத்தை அவர்கள் நடுவே போட்டது. பின்னர் அப்பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றார். மஸ்ஜிதிலே அவருக்கு ஒரு சிறு கூடாரம் இருந்தது. ஆயிஷா (ரழி) அவர்களிடம் வந்து அமரும் போதெல்லாம் அந்த நாளைப் பற்றிய கவிதையைச் சொல்லாமல் அவர் இருந்ததில்லை. ஆபரணம் சிறிது நேரத்தில் கிடைத்துவிட்டது. பட்ட அவமானமோ மதீனா வரை கூடவே வந்தது. எமக்குப் பருந்து வரவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு பழுது வந்தது.

ஸூறதுல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்குமாறு ஏவுகின்றது. அதை நான் பலமுறை ஓதியிருக்கின்றேன், பிறருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கின்றேன்.

பழைய இயந்திரங்களையும் அலுமாரிகளையும் விலைக்கு வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. அவற்றினுள் நகையோ பணமோ இருந்தால், விற்றவரைத் தேடிக் கேளுங்கள். வாங்கிய நிலத்தில் தங்கம் நிறைந்த குடத்தைக் கண்டவர், தாம் வாங்கியது நிலத்தையே அன்றித் தங்கத்தையல்ல எனக் கூறி விற்றவரிடமே கொண்டு சென்றதையும், அவர் அதை ஏற்க மறுத்ததையும் புகாரியிலும் முஸ்லிமிலும் காணலாம்.

மறுநாள் நானும் மனைவியும் அச்சகோதரியின் வீட்டுக்குச் சென்றோம். நாம் வாய் திறக்குமுன்பே, "பிள்ளையின் தோடு கிடைத்ததா?" என்று கேட்டார். கிடைத்தது என்றோம். "அல்ஹம்துலில்லாஹ், ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்டோம், மன்னித்தார், தேநீரும் தந்தார். மீண்டும் வேலைக்கு வருமாறு அழைத்தோம். அவர் வரவில்லை.