எலிப்பொறிச் சுவரில் ஓர் அலமாரி

திருவனந்தபுரத்தில் சில வீடுகளின் சுவரைத் தட்டிப் பார்த்தால் 'டொம்' என்று கேட்கும். உள்ளே வெற்றிடம்!

1917-ல் பர்மிங்காமில் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய 'எலிப்பொறி'க் கட்டு அது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவார்கள். 9 அங்குலச் சுவருக்குள் 3 அங்குல இடைவெளி. செங்கல் ஏறக்குறைய 25 சதவீதம் மிச்சம். வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது.

சரி, இதில் புத்தக அலமாரி நிற்குமா?

பூசாத சுவர் என்றால் விடை கண்ணெதிரே இருக்கிறது. அகல முகம், குறுகிய முகம் என்று கற்கள் மாறி மாறித் தெரியும். அகலமான கல்லுக்குப் பின்னால் பொந்து. குறுகியதோ சுவரின் குறுக்கே மறுபக்கம் வரை போகும் முழுக்கல். கனமான பிராக்கெட்டுக்கு அதன் நடுப்பகுதிதான் தோது. டிரில்லில் சுத்தியல் முறையை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளைத்தால் கல் விரிசல் விடாது.

திருகாணி இறங்க இறங்க விரிந்து கல்லைக் கவ்வும் நைலான் பிளக்கை 1958-ல் உருவாக்கியவர் ஜெர்மானியரான ஆர்த்தர் ஃபிஷர். கவ்வுவதற்குச் சுற்றிலும் கெட்டியான கல் வேண்டும். ஜிப்சம் பலகைத் தடுப்பில் அந்த வசதி இல்லை. அங்கே பலகைக்குப் பின்னால் சிறகு விரிக்கும் டாகிள் போல்ட் தேவை; பாரம் அதிகமென்றால் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்திலேயே திருகவேண்டும்.

பேக்கரோ பல வீடுகளில் சுவரோடு சுவராக மாடங்களையும் கட்டிவிட்டார். அங்கே டிரில்லுக்கு வேலையே இல்லை.