இடர்மிகு வழியும் ஆற்றுப்படை மரபும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவையொட்டி நம் உறுப்பினர்கள் யாழ்ப்பாணத்திற்கு ஒரு பயணம் போய்வரலாம் என்ற கருத்து அண்மையில் செயற்குழுவில் வைக்கப்பட்டது. அதற்கு மூவகை மறுமொழிகள் எழுந்தன. “அங்கே இன்னும் நிலைமை சீராகவில்லையே, பெண்களையும் முதியவர்களையும் அழைத்துச் செல்லலாமா?” என்றனர் சிலர். “எல்லாம் சரியாகிவிட்டது, வடசேரியில் சாலையைக் கடப்பதைவிட அங்கே ஆபத்து ஒன்றுமில்லை” என்றனர் வேறு சிலர். கவிஞர் ஒருவர் மட்டும், “அத்தனை உயிர் போன மண்ணில் நமக்கு உல்லாசப் பயணம் எதற்கு?” என்று கேட்டார். அதன்பின் யாரும் பேசவில்லை. முடிவெடுக்கப்படாமல் நின்றுபோன அப்பொருள் பற்றியே இங்குப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள்.

நான் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள். பாதுகாப்பு வல்லுநர் அல்லள். ஆயினும் இவ்வினாவிற்கு விடை தேட நம் இலக்கியத்திற்குள் செல்வது பொருந்தும் என்று கருதுகிறேன். இடர் நிறைந்த வழியிற் செல்வோர்க்கு அறிவுரை கூறுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி நம்முடையது.

சங்கப் பாடல்களிற் காணும் பயணம் பெரும்பாலும் தேவையினால் நிகழ்வது. தலைவன் பொருள் தேடிப் பிரிகிறான். பாணனும் கூத்தனும் பசியினால் நடக்கிறார்கள். உமணர் உப்பு வண்டியோடு மலைவழி ஏறுகிறார்கள். ஆறலை கள்வர், வற்றிய சுனை, நிழலற்ற மரம் என வழியின் கொடுமைகளைப் பாலைத் திணை அடுக்கிச் சொல்கிறது. வேடிக்கை பார்ப்பதற்காக அவ்வழியே சென்றான் என்று ஒரு தலைவனையும் நான் கண்டதில்லை. தொல்காப்பியமோ கடல்வழிச் செலவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்றே ஒரு நூற்பாவில் வரையறுத்துவிடுகிறது. நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14ஆம் நாள் பயணியர் கப்பல் தொடங்கிவைக்கப்பட்டது. நம் பயணத்திற்குப் பெயர் கொடுத்தவர்களில் சரிபாதியினர் மகளிர். ஆகவே அந்த ஒரு நூற்பாவை மட்டும் செயற்குழு கணக்கிற் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் கூத்தராற்றுப்படை என்று வழங்கும் மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. பெருங்கௌசிகனார் பாடியது, நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் கூத்தனை அவனிடம் வழிப்படுத்துவதாக அமைந்தது. பரிசிலின் பெருமையைப் பாடுவதோடு அக்கூத்தன் நின்றுவிடவில்லை. வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் கிடக்கும் இடம் இது. பாம்பு உறையும் குழிகள் உள்ள இடம் இது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் வந்து விழும் இடம் இது. பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் கொடிகளைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும். இரவில் நடவாமல் குகையிலே தங்க வேண்டும்.

இவ்வறிவுரையில் இரண்டு செய்திகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘போகாதே’ என்ற சொல் இல்லை. ‘ஒன்றும் நேராது, பயப்படாதே’ என்ற சொல்லும் இல்லை. எந்த இடத்தில், எந்தப் பொழுதில், எது நேரும், நேரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதே உள்ளது. அதைச் சொல்பவனும் வீட்டுத் திண்ணையில் இருந்து சொல்பவன் அல்லன், அவ்வழியே போய்வந்தவன். நம் செயற்குழுவில் எழுந்த முதல் இரு கருத்துகளையும் இவ்வளவுகோலால் அளந்தால் இரண்டும் போதாதவை என்பது விளங்கும்.

இதனை நம் மாவட்டத்தைக் கொண்டே விளக்கலாம். நாஞ்சில் நாட்டாராகிய நமக்கு ஒரு தனித்த நிலை உண்டு. நாம் பயணம் செல்பவர்கள் மட்டுமல்லர், பயணிகள் வந்து சேரும் மண்ணில் வாழ்பவர்கள். நம் குமரிமுனை ஆபத்தான இடமா என்று வெளியூர் நண்பர் கேட்டால் சிரிப்போம். ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் விவேகானந்தர் பாறையில் நின்றவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? அன்று பாறையிற் சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளை மீட்பதற்கு மீனவர்கள் தம் படகுகளோடு துணை நின்றார்கள். அதே நாளில் குளச்சலும் மணக்குடியும் தம் மக்களின் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தன. மீட்கப்பட்டவர் ஊர் திரும்பினார். மீட்டவர் தம் வீட்டுத் துயரத்திற்குத் திரும்பினார். பயணியின் ஆபத்து பயணியோடு மட்டும் முடிவதில்லை என்பதை இதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நிகழ்ச்சி நமக்கு மிக அண்மையது. 2024 மே 6ஆம் நாள் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் அலையில் இழுக்கப்பட்டு மருத்துவ மாணவர் ஐவர் உயிரிழந்தனர். அது புயல் நாள் அன்று. வானம் தெளிந்தே இருந்தது. ஆனால் அந்நாள்களில் ‘கள்ளக்கடல்’ பற்றிய எச்சரிக்கை அறிவிக்கப்பட்டிருந்தது. தெற்கே தொலைவில் பெருங்கடலில் எழும் புயலால் உண்டாகும் நெடிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையை வந்து மோதும். உள்ளூரில் காற்றும் இராது, மழையும் இராது. கள்வனைப் போல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று கேரளக் கரையின் மீனவர் பெயரிட்டனர். அச்சொல்லையே 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. உலகம் ஏற்றுக்கொண்ட அச்சொல் உள்நாட்டு ஊர்களிலிருந்து நம் கரைக்கு வருவோருள் எத்தனை பேருக்குத் தெரியும்? அறிவிப்பு இருந்தது, ஆற்றுப்படுத்துவோர் இல்லை. ‘எச்சரிக்கை’ என்று பொதுவாக ஒரு பலகையில் எழுதுவது வேறு. ‘தெளிந்த வானத்தை நம்பாதே, கணுக்கால் நீரிலும் அலை இழுக்கும், இன்று இறங்காதே’ என்று கையைப் பிடித்துச் சொல்வது வேறு.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு ஓர் உண்மையைச் சொல்கின்றன. ஆபத்து என்பது இடத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பண்பன்று, பொழுதோடு மாறுவது. பாலைக்கே நிலையான நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்ற கருத்தைச் சிலப்பதிகாரம் நமக்குத் தந்திருக்கிறது. காஷ்மீரின் பகல்காம் பகுதியில் 1995ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பயணிகள் கடத்தப்பட்டனர். அவருள் ஒருவர் கொல்லப்பட்டார், ஒருவர் தப்பினார், நால்வர் திரும்பவே இல்லை. பின்னர் அங்கே பயணிகள் மீண்டும் திரளாக வந்தனர். 2025 ஏப்ரல் 22ஆம் நாள் அதே பகல்காமை அடுத்த புல்வெளியில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவருள் ஒருவர், பயணிகளைக் காக்க முயன்ற உள்ளூர்க் குதிரைக்காரர். முல்லை பாலையாவதற்கு ஒரு நண்பகல் போதும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமோ?

எனினும், அஞ்சி விலகுவதாலும் துன்பம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இலங்கைக்கு 2018ஆம் ஆண்டில் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்து நோய்த்தொற்று வந்தது. 2021இல் பயணிகளின் எண்ணிக்கை 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றதற்குக் காரணங்கள் பல. பயணிகள் வழியே வந்த அந்நியச் செலாவணி நின்றுபோனதும் அவற்றுள் ஒன்று. 2024இல் எண்ணிக்கை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தின் அடியில் விடுதிப் பணியாளர், முச்சக்கர வண்டிக்காரர், கடற்கரையில் தேநீர் விற்பவர் ஆகியோரின் அடுப்புகள் உள்ளன. ‘அந்த ஊர் ஆபத்து’ என்று நாம் எளிதாகச் சொல்லும் ஒரு சொல், அந்த ஊரில் ஒருவர் வீட்டு அடுப்பை அணைத்துவிடும். நம் முட்டமும் திற்பரப்பும் அவ்வாறு பெயர் கெட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இனிக் கவிஞர் கேட்ட வினாவிற்கு வருகிறேன். அதுவே கடினமானது. வழியின் இடரைப் பற்றிப் பேசும்போது நாம் அனைவரும் ‘நமக்கு என்ன நேரும்?’ என்றே கேட்கிறோம். சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் கோவலனுக்கு வழியின் துன்பங்களை எடுத்துரைக்கும் பகுதியை நினைவு கூருங்கள். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். அறியாது கால் வைப்போர் துன்புறுவர் என்கிறார். இது நமக்கு நேரக்கூடிய தீங்கு. வயல்வழியே சென்றால், நண்டும் நத்தையும் நம் அடியில் மிதிபட்டு நோவுறும். அத்துன்பம் நம்மால் தாங்க முடியாதது என்கிறார். இது நம்மால் நேரக்கூடிய தீங்கு. இரண்டையும் ஒரே பட்டியலில், ஒரே நிறையோடு அடிகள் வைக்கிறார். இன்று அரசுகள் வெளியிடும் பயண அறிவுரைகளில் முதல்வகைத் தீங்கு மட்டுமே இருக்கிறது. இரண்டாவது வகைக்கு அங்கே இடமில்லை.

யாழ்ப்பாணப் பயணத்தில் நம் காலடியில் மிதிபடக் கூடியவை எவை? போர் 2009 மே மாதம் முடிந்தது. அதன்பின் வெற்றியைக் காணும் சுற்றுலா ஒன்று வன்னியில் வளர்ந்தது. கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த நீர்த்தொட்டியும் புதுக்குடியிருப்பில் எழுப்பிய வெற்றிச் சின்னமும் வேடிக்கைப் பொருள்களாயின. அதே கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி முதல் காணாமற் போன தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் போராடத் தொடங்கினர். ஒரே ஊரில் ஒருவர் படம் பிடிக்கிறார், ஒருவர் படத்தை ஏந்தி நிற்கிறார். காங்கேசன்துறைக் கடலோரத்தில், மக்கள் வெளியேற்றப்பட்ட பகுதியில், இராணுவம் விடுதி நடத்தியதும் பலரும் அறிந்ததே. அழகிய கடற்காட்சி, குறைந்த வாடகை என்று நாம் ஓர் அறையை எடுக்கும்போது அது யாருடைய முற்றம் என்று கேட்காமல் எடுத்தால், கவுந்தியடிகள் சொன்ன நண்டும் நத்தையும் அங்கேதான் மிதிபடுகின்றன.

அப்படியானால் போகாமலிருப்பதுதான் அறமா? மலைபடுகடாம் இதற்கும் விடை வைத்திருக்கிறது. கூத்தர் செல்லும் வழியில், போரில் மாண்ட மறவர்களின் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்கின்றன. அவ்வழியை விட்டு விலகிப் போகுமாறு கூத்தன் சொல்லவில்லை. தொன்றுதொட்ட மரபுப்படி யாழை இசைத்து, அக்கல்லுக்குரிய சிறப்பைச் செய்துவிட்டுச் செல்லுங்கள் என்கிறான். இறந்தவர் நிலத்தைக் கலைஞர் கடக்கலாம். கடக்கும் முறை ஒன்று உண்டு. நடுகல்லையும் காட்சிப் பொருளையும் பிரிப்பது அம்முறைதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 சனவரி 8ஆம் நாள் இரவு இடிக்கப்பட்டு, எதிர்ப்பிற்குப் பின் அவ்வாண்டிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. 1981இல் எரிக்கப்பட்டுச் சற்றேறக்குறைய 97,000 நூல்களை இழந்த யாழ்ப்பாணப் பொது நூலகமும் மீண்டும் எழுந்து நிற்கிறது. எழுத்தை நம்பி வாழும் நம்மைப் போன்றோர் அந்நூலகத்தின் படியில் ஏறாமல் வேறு எங்கே ஏறப்போகிறோம்?

ஆகவே, போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் சில வரையறைகளோடு போக வேண்டும்.

முதலாவது, ‘உல்லாசப் பயணம்’ என்ற பெயரை அழைப்பிதழிலிருந்து எடுத்துவிட வேண்டும். பெயர் மாறினால் நடை மாறும்.

இரண்டாவது, பருவமும் செய்தியும் பார்த்து நாள் குறிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அத்தீவில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டது. அத்தகைய பருவத்தில் போய் நிற்பது, மீட்புப் பணியாளர்மேல் நம் சுமையையும் ஏற்றுவதாகும். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி முழுமையாக முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை உள்ள நிலத்தில் ஓரடியும் வைக்கலாகாது. பல பயணக் காப்பீடுகள் போராலும் கலவரத்தாலும் நேரும் இழப்பை ஏற்பதில்லை. அதையும் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.

மூன்றாவது, வர மனமில்லாத உறுப்பினரைக் கோழை என்று யாரும் கேலி செய்யக் கூடாது. தன் உயிரைப் பற்றிய முடிவு அவரவர்க்கு உரியது. குழந்தைகளை அழைத்துவருவோர் அவர்களுக்காகவும் முடிவெடுக்கிறார்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நான்காவது, தங்குவதும் உண்பதும் அம்மண்ணின் மக்கள் நடத்தும் இடங்களில் இருக்கட்டும். அவர்கள் சொல்ல விரும்பினால் கேட்போம். சொல்லத் தூண்டிக் காயத்தைக் கிளற வேண்டாம். நாம் விமானமோ கப்பலோ ஏறி வந்துவிடுவோம். நம்மோடு பேசியவர் அங்கேயே இருப்பார்.

இறுதியாக ஒன்று. மலைபடுகடாத்தில் கூத்தன் சொல்லும் அறிவுரைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது, வழி பிரியும் இடங்களைப் பற்றியது. பழக்கமில்லாத புதியவர்கள் பின்னால் வருவார்கள். அவர்கள் வழி தவறாதிருக்க, கவர்த்த வழிகளில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான். பசியோடு நடப்பவனுக்கும் பின்வருவோர்மேல் கடமை உண்டு என்று கருதிய மரபு அது. யாழ்ப்பாணம் போய்வரும் கவிஞர்கள் கண்டதைக் கண்டவாறு, அச்சத்தை மிகுக்காமலும் மறைக்காமலும் எழுதட்டும். அதற்கு முன்பாக, இங்கேயே செய்ய வேண்டிய பணி ஒன்று இருக்கிறது. நம் கடற்கரைகளில் கள்ளக்கடல் பற்றி எளிய தமிழில், கடலறிந்த மீனவரைக் கேட்டு எழுதிய பலகைகளை நிறுவ இவ்வட்டம் மாவட்ட நிருவாகத்தை அணுக வேண்டும். அதற்கான வாசகங்களை எழுதித் தரக் கவிஞர்கள் முன்வர வேண்டும். யாழ்ப்பாணப் பயணம் அடுத்த ஆண்டு. லெமூரில் முடிய வேண்டிய புல், வரும் மே மாதத்திற்கு முன்னரே முடியப்பட வேண்டும்.