தற்காலிகக் கோப்புகளும் ஊராட்சிப் பதிவுகளும்

(கடையநல்லூர் ஊராட்சி ஒன்றியத்தில், ஊராட்சிச் செயலர்களுக்கும் கணினி இயக்குநர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



முன்னாளில் ஊராட்சிக் கணக்குகள் பேரேடுகளில் இருந்தன. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஈ-கிராம்சுவராஜ் இணையதளத்தின் வழியே இன்று திட்டமும் கணக்கும் பதிவாகின்றன. பேரேட்டில் எழுதியது எழுதிய இடத்திலேயே இருக்கும். கணினியில் எழுதியது எங்கே இருக்கிறது என்பதை நாம் கேட்டறிதல் வேண்டும்.

கருப்பாநதிப் பாசனத்தில் விளைந்த நெல், அறுத்த அன்றே பத்தாயத்தை அடைவதில்லை. களத்தில் அடித்துத் தூற்றிய பின்னரே அங்கே சேர்கிறது. கணினிக்கும் அத்தகைய களம் ஒன்று உண்டு. விண்டோஸ் கணினியில் அதற்கு 'டெம்ப்' என்று பெயர். சுருக்கிய கோப்பை விரிக்கும்போதும், பெரிய ஆவணத்தைத் திருத்தும்போதும் கணினி தன் வேலைக்காகச் சில கோப்புகளை அங்கே படைத்துக்கொள்கிறது. அச்சிடும்போதும் இவ்வாறே, அதற்கெனத் தனியிடம் உண்டு. வேலை ஒழுங்காக முடிந்தால் பெரும்பாலும் தானே அழித்துவிடும். நடுவில் மின்சாரம் போனால் அவை அப்படியே கிடக்கும். வேர்டு செயலி வழக்கமாகப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மீட்புப்படி எடுத்து வைப்பதால், மீண்டும் திறக்கும்போது ஓரளவு திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அது முழுமையாகக் கிடைக்குமென்று நம்பியிருத்தல் தகாது.

ஊராட்சி ஒன்றில் நடந்ததைக் கூறுவோம். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபைக்குரிய பணிப் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. செயலர் அதை அஞ்சலிலிருந்தே திறந்து, இரவெல்லாம் திருத்தி, 'சேமி' என்பதையும் அழுத்தினார். மறுநாள் அஞ்சலைத் திறந்தால் பழைய பட்டியலே இருந்தது! அவர் திருத்தியது தற்காலிக இடத்திலிருந்த படியை. அஞ்சலுக்குள் இருந்தது மாறவேயில்லை. அன்று குடிநீர்க் குழாய் கேட்டிருந்த தெருவின் பெயர் சபையில் படிக்கப்படவில்லை. ஆகவே, இணைப்பை முதலில் நம் கோப்புறையில் வேறு பெயரிட்டுச் சேமித்த பின்னரே அதில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, நாம் இதையே பெரிதாகக் கருதுகிறோம். வீடு கேட்டு வரும் தாய்மாரின் ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் வெளிக்கடைக் கணினியில் திறந்தால், கோப்பை மூடிய பிறகும் அதன் படி அங்கே தங்கக்கூடும். பதிவிறக்கக் கோப்புறையில் இருப்பதோ நாம் அழிக்கும் வரை போகாது. குப்பைத் தொட்டிக்கு அனுப்பினால் மட்டும் போதாது. அதையும் காலி செய்தல் வேண்டும். கூடுமானவரை அத்தகைய ஆவணங்களை அலுவலகக் கணினியிலேயே திறப்போம்.

'சி' டிரைவ் நிரம்பிக் கணினி தள்ளாடினால், எல்லாச் செயலிகளையும் மூடிவிட்டு டெம்ப் கோப்புறையில் உள்ளவற்றை அழிக்கலாம். சில கோப்புகள் அழிய மறுக்கும். அவை அப்போது பயன்பாட்டில் உள்ளவை, அவற்றை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இவ்வேலையைத் தானே செய்யும் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்ற வசதி உண்டு. அதை இயக்கும் முறையைப் பிற்பகல் வகுப்பில் கணினியிலேயே செய்து காட்டுவோம்.