பாடநூலை முந்திச் செல்லும் குழந்தை
(கல்வி அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாத குழந்தைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; பேசவும் வேண்டும். இன்று நான் பேச விழைவது வேறொரு குழந்தையைப் பற்றி. இரண்டாம் வகுப்புப் பாடநூல் கைக்கு வந்த வாரத்திலேயே அதைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிடும் குழந்தை அது. எஞ்சிய மாதங்களில் வகுப்பறையில் அதற்கு என்ன வேலை?

2021 ஜூலையில் தொடங்கப்பெற்ற நிபுண் பாரத் இயக்கம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் நிமிடத்திற்கு 60 சொற்களேனும் பொருளுணர்ந்து படிக்க வேண்டுமென இலக்கு வகுத்தது. இது தளமேயன்றிக் கூரையன்று. இலக்கை எட்டிய குழந்தையின் பெயருக்கெதிரே குறியிட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட்டால், அதன் ஆர்வம் அங்கேயே வாடத் தொடங்கும். வசதியுள்ள பெற்றோர் நூல்களை வாங்கித் தந்து இக்குறையை ஈடுசெய்வர். வீட்டில் ஒரு நூலும் இல்லாத குழந்தைக்கோ பள்ளி ஒன்றே புகலிடம்.

விரைந்து வாசிப்பது வேறு, விளங்கிக்கொள்வது வேறு. ஆகவே, படித்த கதையைக் குழந்தை தன் சொற்களில் கூறச் செய்து, ஏன், எப்படி என வினவி, அதன் உண்மை நிலையை ஆசிரியர் முதலில் அறிதல் வேண்டும். மேல்வகுப்பிற்கு அவசரமாக உயர்த்துவது பெரும்பாலும் தீர்வாகாது. வாசிப்பில் பத்து வயதை எட்டிய குழந்தையும் விளையாட்டிலும் நட்பிலும் ஏழு வயதினதே. நாள்தோறும் அதைச் சட்டாம்பிள்ளையாக்கிப் பிறருக்குக் கற்பிக்கச் செய்வதும் அதன் கற்கும் நேரத்தைப் பறிப்பதாகும்.

அக்குழந்தைக்கு வேண்டியவை பலதுறை நூல்களே. 1957இல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட், சிறுவர் நூல்களைப் பல இந்திய மொழிகளில் குறைந்த விலையில் வழங்கிவருகிறது. 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கட்டணமின்றிப் பெற்று அச்சிட்டும் கொடுக்கலாம். பறவை, விண்மீன், ஆறு, பயணம் எனக் குழந்தை விரும்பியதைத் தானே தேர்ந்தெடுக்கட்டும்.

ஒவ்வொரு பள்ளியிலும் கதை நூல்கள் அடங்கிய நூலகம் இருத்தல் வேண்டுமெனக் கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டிலேயே விதித்தது. ஆயினும், நூல் தொலைந்தால் தம் கைப்பணத்தால் ஈடுகட்ட நேருமோ என ஆசிரியர் அஞ்சும் இடங்களில் அலமாரி பூட்டியே கிடக்கிறது. இவ்வச்சத்தைப் போக்குவது அலுவலர்களாகிய உங்கள் பொறுப்பு. ஆய்வின்போது இருப்பில் உள்ள நூல்களை மட்டும் எண்ணாதீர்கள். குழந்தைகள் வீட்டிற்கு எடுத்துச் சென்றவை எத்தனை என்றும் கேளுங்கள். பலர் கைபட்டுக் கிழிந்த நூலை இழப்பெனக் கொள்ளாமல், பயன்பட்டதற்குச் சான்றெனக் கொள்ளுங்கள்.

அந்நூல் வீடு சேர்ந்தால், படிக்கத் தெரியாத தாயும் மாலையில் அருகமர்ந்து கேட்பார். பிறகு என்ன ஆயிற்று என்பார். அக்கேள்வியே குழந்தையை அடுத்த நூலுக்கு அழைத்துச் செல்லும். அந்த அடுத்த நூல் அலமாரியில் காத்திருக்குமாறு செய்வது நம் கடமை.