குரங்குப் பள்ளிக்கூடம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



குல்லா வியாபாரி கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். மரத்தடியில் அவன் தூங்கியபோது குரங்குகள் குல்லாக்களை எடுத்து மாட்டிக்கொண்டன. இதே போன்ற கதை ஐரோப்பாவிலும் உண்டு. இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள ஆண்ட்வெர்ப் துறைமுக நகரில் 1562ஆம் ஆண்டில் அது படமாக அச்சாகி விற்பனைக்கு வந்தது. வரைந்தவர் பீட்டர் புரூகல் என்ற புகழ்பெற்ற ஓவியர்.

படத்தில் வியாபாரி அசந்து தூங்குகிறான். குரங்குகள் அவன் மூட்டையைப் பிரித்துவிட்டன. ஒன்று கண்ணாடியில் முகம் பார்க்கிறது. ஒன்று பூட்சுக்குள் காலை விடுகிறது. இன்னொன்று பொம்மைக் குதிரையில் சவாரி செய்கிறது!

1575ஆம் ஆண்டையொட்டி பீட்டர் வான் டெர் போர்க்ட் என்பவர் குரங்குப் படங்களை வரிசையாகவே வெளியிட்டார். செப்புத் தகட்டில் படத்தைக் கீறி, மை தடவி, தாளில் அழுத்தி எடுப்பார்கள். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கலாம். அந்தப் படங்களில் குரங்குகள் மனிதரைப்போல உடுத்திக்கொண்டு முடி வெட்டுகின்றன, பள்ளிக்கூடமும் நடத்துகின்றன. அடுத்த நூற்றாண்டில் டேவிட் டெனியர்ஸ் என்ற ஓவியர், குரங்குகள் புகைபிடிப்பதையும் குடிப்பதையும் வரைந்தார்.

இவர்கள் கேலி செய்தது குரங்கையா? இல்லை. குரங்குக்குச் சுருட்டும் வேண்டாம், மதுவும் வேண்டாம். கேலி முழுவதும் நமக்குத்தான்.

குரங்குப் பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். பிறகு ஒருநாள் ஓய்வு நேரத்தில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மரத்தடியில் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியராக நின்ற சிறுமி குச்சியால் தரையைத் தட்டி, "எத்தனை தடவை சொல்றது? மண்டையில என்ன களிமண்ணா?" என்று கத்தினாள். அது என் சொல். இழுத்துப் பேசிய விதமும் என்னுடையதே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன். சில நாள் நாக்கு நுனிவரை வரும், விழுங்கிக்கொள்வேன்.

பெற்றோர்களே, பிள்ளை நாம் சொல்வதைக் கேட்காமல் இருக்கலாம். செய்வதைப் பார்க்காமல் இருக்காது. வேலை முடிந்து வந்து நாம் பாட்டிலைத் திறந்தாலும் பார்க்கும், பத்திரிகையைத் திறந்தாலும் பார்க்கும். எதைத் திறப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. குரங்கு புத்தகத்தைக் கையில் பிடிக்கும், எழுத்து தெரியாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடை எழுதினாலும் அப்படித்தான். நல்லவர்களைப் பாருங்கள், அவர்களைப் போலவே செய்யுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஏன் செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள்.

இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கும், அடுத்த ஆண்டு வாங்கப்போகிறவர்களுக்கும் என் வாழ்த்துகள்.