பரமேஸ்வராவும் கம்பஸும்

   

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எப்போது தொடங்கியது? 1974 என்போம். வட்டுக்கோட்டைக்காரர்கள் ஒப்பமாட்டார்கள், 1823 என்பார்கள். அந்த வருடம்தான் அமெரிக்க மிஷன் அங்கே செமினரியைத் தொடங்கியது, டானியல் பூவர் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் படிப்பித்தார்கள். ஆனால் படித்த பெடியள் ஊழியத்துக்குப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். பொஸ்ரனில் இருந்த மிஷன் தலைமைக்கு அது பிடிக்கவில்லை. 1855இல் மூடிவிட்டார்கள்.

சில வருடங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவருமே அந்த மூடிய செமினரியில் படித்தவர்கள். கலித்தொகையை 1887இல் அச்சில் தந்தவர் இதே சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளைதான். இலக்கியக் கூட்டத்தில் பள்ளிக்கூடக் கதை ஏன் என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

பிறகு 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி. 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியைக் கட்டினார், நடுவில் ஒரு சிவன் கோயிலோடு. 1974இல் வளாகம் வந்தபோது வெறுங்காணியில் வரவில்லை. பரமேஸ்வராவின் கட்டடங்களில்தான் வந்து இருந்தது. க. கைலாசபதி முதல் தலைவர். தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில்தான் வேண்டும் என்று நின்றவர்களும் இருந்தார்கள். தரப்படுத்தலில் அடிபட்ட பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்பது ஒரு கவலை, எந்த மண்ணில் என்பது இன்னொரு கவலை. இரண்டும் நியாயம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது.

எங்கள் ஐயா பரமேஸ்வராவில் படித்தவர். கம்பஸ் வந்ததில் அவருக்குப் பெருமை. ஆனாலும் பழைய மாணவர் என்று சொல்ல ஒரு பள்ளிக்கூடம் இல்லாமல் போனது. இங்கே லண்டனில் ஒவ்வொரு கோடையிலும் பழைய மாணவர் சங்கங்கள் கிரிக்கெட் விளையாடும். ஐயா எந்தக் கொட்டகையில் இருப்பது என்று தெரியாமல் யாருடையதிலாவது தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். நாங்கள் அதைப் பகிடியாக எடுத்தோம்.

2003இல், சமாதான காலத்தில், அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வளாகத்துக்குள் அவருக்கு அடையாளம் தெரிந்தது கோயில் மட்டும்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். புத்தகங்களோடு போன ஒரு மாணவி நின்று, "யாரைத் தேடுறீங்கள் ஐயா?" என்று கேட்டாள்.

"என்ர வகுப்பை, பிள்ளை."

"எந்த பச், ஐயா?"

ஐயா சிரித்துவிட்டார். பிறகு அவளிடம் என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார். தமிழ் சிறப்பு என்றாள். தாமோதரம்பிள்ளை தெரியுமா என்று தொடங்கினார். அந்தப் பிள்ளை விரிவுரைக்குப் பிந்திப் போயிருக்கும்.